எத்தனை குதிரை? டூ ஸ்ட்ரோக் இன்ஜினை அளந்தவர்களின் வரலாறு

பூண்டுலோயா டவுனில் ஒரு பழைய யமஹா டீடீ 125 வந்து நின்றால் போதும், பத்து நிமிடத்துக்குள் யாராவது வந்து விசாரிப்பார். "போர் பண்ணினதா? போர்ட் சுரண்டியிருக்கா? எத்தனை குதிரை வரும்?" பைக்காரரும் தயங்காமல் ஒரு எண்ணைச் சொல்வார். இருபது என்பார், இருபத்தைந்து என்பார். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார். அந்த எண்ணை யார் அளந்தது, எதை வைத்து அளந்தது என்று யாரும் கேட்பதில்லை. சைலன்சர் சத்தம்தான் சாட்சி. அடுத்த வளைவு வரைக்கும் போன வேகம்தான் தீர்ப்பு.

இன்ஜினின் பலத்தை அளக்கிற கருவிக்கு டைனமோமீட்டர் என்று பெயர். மெக்கானிக்குகள் சுருக்கமாக டைனோ என்பார்கள். அந்தக் கருவியின் கதையையும், அதில் ஏற்றி அளக்கப்பட்ட டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் கதையையும் நாங்கள் சேர்த்துப் படித்துப் பார்த்தோம். கலைப்பீடத்து ஆட்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். படிக்கப் படிக்க இது மெக்கானிக் விஷயமாக மட்டும் இருக்கவில்லை. அளவு என்பது எப்போதும் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. அந்தக் கை யாருடையது என்பதைப் பொறுத்துத்தான் எண் பேசுகிறது.

மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இதைப் புத்தகம் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு என்று கிலோ குறைவதை நம்ம அம்மாமார் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். கேட்ட கிலோ வராவிட்டால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும். கூடை சுமக்கிற முதுகு ஒன்று, தராசு பிடிக்கிற கை இன்னொன்று. குதிரைச் சக்தியின் வரலாறும் இதே மாதிரி ஒரு காசுக் கணக்கில்தான் தொடங்குகிறது.

வாடகைக்காகப் பிறந்த குதிரை

18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஜேம்ஸ் வாட், பர்மிங்காமில் மத்தியூ போல்டனோடு கூட்டுச் சேர்ந்து நீராவி இன்ஜின் வியாபாரம் செய்தார். சுரங்கங்களில் ஏற்கெனவே பழைய நியூகொமன் இன்ஜின்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன. வாட்டின் இன்ஜினுக்கு அவற்றைவிடக் குறைவான நிலக்கரி போதும். "மிச்சமாகிற நிலக்கரியின் பெறுமதியில் மூன்றில் ஒரு பங்கை எங்களுக்குக் கொடுங்கள்" என்பதுதான் அவர்களுடைய பேரம். ஆனால் குதிரையைக் கட்டி மில் சுற்றிக்கொண்டிருந்தவர்களிடம் இந்தப் பேரம் செல்லுபடியாகாது. அவர்களிடம் மிச்சப்படுத்த நிலக்கரியே இல்லை.

அதனால் 1780களில் வாட் வேறு கணக்குப் போட்டார். மில் சுற்றுகிற ஒரு குதிரை ஒரு நிமிடத்தில் எவ்வளவு வேலை செய்யும்? அவர் எடுத்த அளவு, 33,000 றாத்தல் எடையை ஒரு நிமிடத்தில் ஒரு அடி உயர்த்துகிற வேலை. அது ஒரு குதிரை. இந்த இன்ஜின் பத்துக் குதிரைக்குச் சமம், ஆகவே பத்துக் குதிரைக்கு உரிய கட்டணத்தை வருடா வருடம் கட்டு என்று கேட்க இப்போது ஒரு வழி கிடைத்துவிட்டது. இன்றைக்கு நாம் பைக்கின் பெருமையைச் சொல்லப் பாவிக்கிற அளவு, முதலில் வாடகை அறவிடக் கண்டுபிடித்த அளவு.

இன்றைய அலகில் ஒரு குதிரைச் சக்தி 746 வாட். வாட்டின் கணக்கை நம்ம மலைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண் 15 கிலோ கொழுந்தைச் சுமந்துகொண்டு, 100 மீட்டர் உயரத்தை 15 நிமிடத்தில் ஏறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மொத்த எடை 65 கிலோ. அதை 9.8 ஆலும் 100 ஆலும் பெருக்கி, 900 செக்கனால் பிரித்தால் கிட்டத்தட்ட 71 வாட் வரும். ஒரு குதிரையில் பத்தில் ஒரு பங்கு. பத்துப் பெண்கள் வரிசையாக மலை ஏறினால் வாட்டின் ஒரு குதிரை. இந்தச் சின்னக் கணக்கை ஞாபகத்தில் வைத்திருங்கள், கடைசிப் பகுதியில் பைக்குக்கும் இதுதான் உதவப்போகிறது.

எடை தூக்கிக் கணக்குப் பார்ப்பது எல்லா இன்ஜினுக்கும் சரிவராது. 1821இல் கஸ்பார் த புரோனி என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் ஒரு எளிய வழி சொன்னார். சுற்றுகிற சக்கரத்தை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடி. கட்டையோடு ஒரு நீண்ட கையைப் பூட்டு. சக்கரம் தன்னோடு சேர்த்து அந்தக் கையையும் இழுக்கப் பார்க்கும். கை நகராமல் இருக்க மறுமுனையில் எவ்வளவு எடை தொங்கவிட வேண்டியிருக்கிறது என்று பார். அதுதான் முறுக்கு விசை. அதோடு சுற்று வேகத்தைப் பெருக்கினால் சக்தி. 1877இல் வில்லியம் ஃபுரூட் மரக்கட்டைக்குப் பதிலாகத் தண்ணீரை வைத்துப் பெரிய கப்பல் இன்ஜின்களையே அளக்கும் கருவி செய்தார். பிறகு மின்சாரம் வந்தது, உருளை வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. அடிப்படை மட்டும் மாறவில்லை. இன்ஜினுக்கு ஒரு சுமையைக் கொடு, எந்தச் சுற்றில் எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்று குறித்துக்கொள். டைனோ என்பது ஒரு தராசு.

ஏழை இன்ஜின்

டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் பிறப்பும் ஒரு விதத்தில் காப்புரிமைச் சண்டையோடு சேர்ந்தது. ஜெர்மனியில் நிக்கொலாஸ் ஓட்டோ ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினைக் காப்புரிமைக்குள் வைத்திருந்த காலத்தில், மற்றவர்கள் வேறு பாதை தேடினார்கள். ஸ்கொட்லாந்துக்காரரான டூகால்ட் கிளார்க் 1881இல் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த பத்து வருடத்தில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஜோசப் டே அதை இன்னும் எளிதாக்கினார். வால்வு இல்லை, கேம் இல்லை. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதுவே சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளை மூடும், திறக்கும். அந்தத் துளைகளைத்தான் நம்ம ஆட்கள் போர்ட் என்கிறார்கள். கிராங்க் கேஸே பம்பாக வேலை செய்து புதிய கலவையை மேலே தள்ளும். பெட்ரோலோடு ஒயிலைக் கலந்துவிட்டால் தனியாக ஒயில் பம்பும் தேவைப்படாது.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கிறது, டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கிறது. அப்படியென்றால் பலம் இரட்டிப்பாக வேண்டுமே? வரவில்லை. எரிந்த புகை வெளியே போகிற அதே நேரத்தில்தான் புதுக் கலவையும் உள்ளே வருகிறது. வந்த கலவையில் ஒரு பங்கு எரியாமலேயே புகையோடு வெளியேறிவிடும். மலிவு, பாரம் குறைவு, கழற்றிப் பூட்ட லேசு, ஆனால் பெட்ரோல் வீண். பல வருடங்களுக்கு அது ஏழைகளின் இன்ஜினாகவே இருந்தது.

ஜெர்மனியின் சக்சனி மாநிலத்தில் சொப்பாவ் என்ற சின்ன ஊர் அதை மாற்றியது. அங்கே டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்முசன் நடத்திய டீகேடபிள்யூ கம்பெனி 1920களின் கடைசியில் உலகத்திலேயே பெரிய மோட்டர் சைக்கிள் கம்பெனியாக வளர்ந்திருந்தது. 1939இல் வந்த அவர்களுடைய ஆர்டீ 125, போர் முடிந்ததும் தோற்ற நாட்டின் சொத்தாகப் பங்கிடப்பட்டது. இங்கிலாந்தின் பீஎஸ்ஏ பாண்டம், அமெரிக்காவின் ஹார்லி ஹம்மர், சோவியத் நாட்டின் மொஸ்க்வா எல்லாம் அதைப் பார்த்துச் செய்தவை. 1955இல் யமஹா வெளியிட்ட அதன் முதல் பைக்கான வைஏ 1கூட அந்தப் பரம்பரைதான். நம்ம டவுனில் நிற்கிற டீடீ 125க்கும் சொப்பாவில் ஒரு பாட்டன் இருக்கிறான்.

சொப்பாவின் டைனோ

போருக்குப் பிறகு சொப்பாவ் கிழக்கு ஜெர்மனிக்குள் போனது. தொழிற்சாலை அரசுடைமையாகி, பின்னால் எம்இஸட் என்ற பெயர் பெற்றது. 1950களின் தொடக்கத்தில் ரேஸ் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தவர் வால்டர் காடன். 1919இல் பிறந்தவர். அவருடைய அப்பா டீகேடபிள்யூ அதிகாரி ஒருவருக்குக் கார் ஓட்டியவர். காடனிடம் பெரிய பணம் இல்லை, நல்ல உலோகம் கிடைப்பதே கஷ்டம். அவரிடம் இருந்தது ஒரு டைனோ, ஒரு ஒசிலோஸ்கோப், நிறையப் பொறுமை.

அவர் கவனம் வைத்தது புகைக்குழாயில். சிலிண்டரில் இருந்து புகை வெளியேறும்போது அதோடு ஒரு அழுத்த அலையும் கிளம்புகிறது. குழாய் படிப்படியாக அகன்றால் அந்த அலையில் ஒரு பங்கு உறிஞ்சுகிற அலையாகத் திரும்பிவந்து சிலிண்டரைச் சுத்தம் செய்ய உதவும். பிறகு குழாய் மறுபடி ஒடுங்கினால், மிச்ச அலை தள்ளுகிற அலையாகத் திரும்பிவரும். அது சரியான நொடியில் வந்தால், வெளியே ஓடப்பார்த்த புதுக் கலவையைப் போர்ட் மூடுவதற்குள் மறுபடி உள்ளே தள்ளிவிடும். டூ ஸ்ட்ரோக்கின் பிறவிக் குறையை ஒரு தகரக் குழாயை வைத்தே பாதி சரிசெய்துவிடலாம். டர்ட் பைக்கில் நாம் பார்க்கிற அந்த வயிறு பெருத்த சைலன்சருக்கு எக்ஸ்பேன்ஷன் சேம்பர் என்று பெயர். இந்த யோசனை காடனுக்கு முன்பே ஜெர்மனியில் இருந்தது. அதை அளந்து அளந்து முழு அறிவாக ஆக்கியவர் அவர்.

அளந்து என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த அலை காதில் கேட்டுக் கண்டுபிடிக்கிற விஷயம் கிடையாது. குழாயின் நீளத்தில் சில சென்டிமீட்டர் மாறினால் பலம் வருகிற சுற்று மாறிவிடும். குழாய் சூடானால் அலையின் வேகம் கூடும், அப்போது கணக்கு மறுபடி மாறும். ஒரு குழாயை வெட்டு, ஒட்டு, டைனோவில் ஏற்று, எண்ணைக் குறி, மறுபடி வெட்டு. இப்படியே வருடக்கணக்கில் செய்ததன் பலனாக, 1961இல் அவருடைய 125 சீசீ இன்ஜின் நிமிடத்துக்கு 10,800 சுற்றில் 25 குதிரை கொடுத்தது. ஒரு லீட்டருக்கு 200 குதிரை என்ற கணக்கு. டர்போ போன்ற துணை இல்லாமல் அந்த அளவைத் தொட்ட முதல் இன்ஜின் அதுதான்.

பைக்கைச் சத்தமாக்கச் சைலன்சரைக் குடைகிற நம்ம பையன்களுக்கு இங்கே ஒரு செய்தி இருக்கிறது. அந்த வயிற்றையும் வாலையும் வெட்டி எறிந்தால் திரும்பிவர வேண்டிய அலை திரும்பாது. சத்தம் கூடும், பலம் குறையும். புகைப் போர்ட்டை மேல்பக்கம் சுரண்டினால் உச்ச சுற்றில் பலம் கூடலாம், ஆனால் கீழ்ச் சுற்றில் இழுவை போய்விடும். சமதரை ரேஸ் தடத்தில் அது லாபம். டன்சினன் பக்கம் ஏறுகிற வளைவில் செகண்ட் கியரில் மூச்சு வாங்கும்போது அது நஷ்டம். இரண்டையும் காது ஒரே மாதிரித்தான் கேட்கும். டைனோவின் கோடு மட்டும்தான் வித்தியாசத்தைக் காட்டும்.

ஒரு ஆளோடு போன அறிவு

காடனின் ஓட்டுனர் ஏர்ன்ஸ்ட் டெக்னர், தானும் ஒரு பொறியியலாளர். 1961இல் அவர் 125 சீசீ உலகப் பட்டத்தில் முன்னணியில் இருந்தார். அதே வருடம் ஓகஸ்ட் 13ஆம் திகதி பெர்லின் சுவர் எழும்பத் தொடங்கியது. செப்டம்பரில் ஸ்வீடனில் நடந்த போட்டியில் டெக்னரின் இன்ஜின் நின்றுபோனது. அவர் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் ஒரு காரின் டிக்கிக்குள் ஒளிந்து எல்லை தாண்டினார்கள். பட்டம் ஹொண்டாவின் டொம் பிலிஸுக்குப் போனது.

டெக்னர் போய்ச் சேர்ந்த இடம் ஜப்பான், சுசுகி கம்பெனி. 1960இலும் 1961இலும் ஐரோப்பியப் போட்டிகளில் அடிபட்டுத் திரும்பிய சுசுகி, 1962இல் டெக்னரை ஓட்டவைத்து 50 சீசீ உலகப் பட்டத்தை வென்றது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் வென்ற முதல் உலகப் பட்டம் அது. சொப்பாவில் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக அளந்து சேர்த்த அறிவு, ஒரு ஆளின் தலைக்குள் ஏறி ஹமமட்சுவுக்குப் போய்விட்டது. எம்இஸட் அதற்குப் பிறகும் ஒரு உலகப் பட்டத்தைக்கூட வெல்லவில்லை. சுசுகா தடத்தில் டெக்னரின் பெயரில் ஒரு வளைவு இன்றைக்கும் இருக்கிறது.

டெக்னரைத் துரோகி என்று சொல்வதா, சுவருக்குள் அடைபட மறுத்த மனிதன் என்று சொல்வதா என்று எங்களுக்குள்ளேயே ஒரு பெரிய விவாதம் நடந்தது, அது முடியவும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒத்துப்போனோம். அளந்து பெற்ற அறிவு, அதை அளந்த தொழிலாளிக்கும் ஊருக்கும் எப்போதும் சொந்தமாக இருப்பதில்லை. சொப்பாவ் வறுமையிலேயே இருந்தது, லாபம் வேறு ஊரில் பிறந்தது.

அங்கிருந்து டர்ட் பைக்குக்கு அதிக தூரம் இல்லை. 1968இல் யமஹா டீடீ 1 என்ற 250 சீசீ ட்ரெயில் பைக்கை வெளியிட்டது. 1970இல் ஜோயெல் ரொபேர்ட் சுசுகி டூ ஸ்ட்ரோக்கில் 250 சீசீ மோட்டோகிரோஸ் உலகப் பட்டத்தை வென்றார். ஜப்பான் பைக்குக்குக் கிடைத்த முதல் மோட்டோகிரோஸ் பட்டம் அது. டீடீ 125உம் சுசுகி டீஎஸ் 125உம் அந்த அலையில்தான் இலங்கைக்கு வந்து சேர்ந்தன.

எண்ணைக் கூட்டலாம், குறைக்கலாம்

டைனோ கொடுக்கிற எண் கல்லில் வெட்டினது என்று நினைத்துவிடக் கூடாது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார் கம்பெனிகள் தங்கள் இன்ஜின்களின் குதிரைக் கணக்கைத் திடீரென்று குறைத்தன. காரணத்தில் ஒரு பகுதி, அளக்கிற முறை மாறியது. அதுவரை ஃபேன், ஆல்டர்நேட்டர், சைலன்சர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் இன்ஜினை அளந்தார்கள். பிறகு எல்லாவற்றையும் பூட்டி அளக்க வேண்டியிருந்தது. இன்ஜின் அதேதான், விளம்பரத்தில் இருந்த குதிரைகள் மட்டும் காணாமல் போயின. நம்ம பாஷையில் சொன்னால், சாக்கோடு நிறுக்கிறதா, சாக்கைக் கழித்து நிறுக்கிறதா என்ற அதே பிரச்சினை.

பக்கத்து நாட்டில் இன்னொரு உதாரணம். யமஹாவின் ஆர்டீ 350 இந்தியாவுக்கு 1983இல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் வந்தது. ஜப்பானில் 39 குதிரை என்று சொல்லப்பட்ட அந்த இன்ஜின், இந்தியாவில் முதலில் சுமார் 30 குதிரை, பிறகு பெட்ரோல் சிக்கனத்துக்காக 27 குதிரை என்று குறைத்து விற்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் ரேஸ் ஓட்டியவர்கள் கம்பெனி மூடிவைத்த அந்தக் குதிரைகளைத் தேடித்தான் போர்ட்டைச் சுரண்டினார்கள். பலம் இன்ஜினுக்குள்ளேயே இருந்தது. எவ்வளவு வெளியே விடுவது என்பதை வேறு யாரோ தீர்மானித்திருந்தார்கள்.

மலையும் ஒரு டைனோதான்

நாங்கள் பார்த்த கராஜ்களில் டைனோ இல்லை. ஆனால் டைனோவுக்கு முன்பே மனிதர்கள் மலையை வைத்து இன்ஜினை அளந்திருக்கிறார்கள். 1905இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஷெல்ஸ்லி வால்ஷ் மலையேற்றப் போட்டியின் ஆரம்ப வருடங்களில் நேரத்தை மட்டும் பார்க்காமல், வண்டியின் எடையையும் சேர்த்த ஒரு சூத்திரத்தை வைத்துத் தரம் பிரித்தார்கள். அந்த வழக்கம் தோட்டத் துரைமாரோடு இங்கேயும் வந்தது. நுவரெலியாவில் தேயிலைக்கு நடுவே போகிற மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. ஏப்ரல் சீசன் என்றால் இன்றைக்கும் அது ஞாபகம் வரும். நானுஓயாப் பக்கம் ரதெல்லவிலும் அதே மாதிரி ஒரு போட்டி நடந்து வந்திருக்கிறது. பாதையின் இரண்டு பக்கமும் தேயிலை. அந்தத் தேயிலையை வளர்த்தவர்களின் பிள்ளைகள் கரையில் நின்று பார்த்தார்கள்.

மலை எப்படி அளக்கும்? கொழுந்துக் கூடைக்குப் போட்ட கணக்குத்தான். பைக்கும் ஓட்டுனரும் சேர்ந்து 170 கிலோ. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்கிற சரிவில் 500 மீட்டர் தூரத்தை ஒரே சீரான வேகத்தில் 30 செக்கனில் ஏறினால், 50 மீட்டர் உயர்ந்திருக்கும். 170ஐ 9.8 ஆலும் 50 ஆலும் பெருக்கி 30 ஆல் பிரித்தால் சுமார் 2,780 வாட். அதாவது 3.7 குதிரை. காற்றை வெட்டவும் டயரை உருட்டவும் செயினைச் சுற்றவும் இதற்கு மேலும் செலவாகும். அதைச் சேர்த்தாலும் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஏறுகிற பைக்குக்குப் பத்துக் குதிரைகூடத் தேவைப்படாது. "இருபத்தைந்து குதிரை" என்று சொல்கிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது. வீதியை மூடி, ஒரே ஓட்டுனர், ஒரே நாள், ஒரே சரிவு என்று வைத்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் நேரம் எடுத்தால், சுரண்டியது லாபமா நஷ்டமா என்று மலை சொல்லிவிடும்.

மலை இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளும். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகிற காற்று குறைந்தால் பலமும் குறையும். காப்ரேட்டர் மட்டும் கிட்டத்தட்ட பழைய அளவிலேயே பெட்ரோலைக் கொடுக்கும். கலவை கொழுத்து, பிளக் கறுத்து, பைக் இருமும். மெயின் ஜெட்டைச் சின்னதாக மாற்றினால் சரியாகும். ஆனால் அதே சின்ன ஜெட்டோடு கொழும்புக்கு இறங்கி முறுக்கினால் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துவிடும். அதனால்தான் டைனோவில் வருகிற எண்ணைக் காற்றழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்பத் திருத்துகிறார்கள். எங்கே, எந்த நிலையில் அளந்தது என்று சொல்லாத எண்ணுக்குப் பெறுமதி இல்லை.

புகையை அளந்த வருடம்

குதிரையை மட்டும் அளந்த காலம் டூ ஸ்ட்ரோக்குக்குப் பொற்காலம். பிறகு உலகம் புகையையும் அளக்கத் தொடங்கியது. எரியாமல் வெளியேறுகிற பெட்ரோலும், கலந்த ஒயிலின் நீலப் புகையும் அந்தத் தராசில் ஏறியதும் தீர்ப்பு தலைகீழானது. இலங்கையில் 2008இல் டூ ஸ்ட்ரோக் ஆட்டோ இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதே வருடம்தான் வாகனப் புகைப் பரிசோதனையும் தொடங்கியது. ரேஸ் உலகத்தில் 2002இல் பெரிய வகுப்புக்கு ஃபோர் ஸ்ட்ரோக் வந்து, 2011ஓடு கடைசி 125 சீசீ டூ ஸ்ட்ரோக் வகுப்பும் முடிந்தது. மோட்டோகிரோஸில் மட்டும் டூ ஸ்ட்ரோக் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இதை ஒரு இழப்பாக மட்டும் நாங்கள் பார்க்கவில்லை. ஆட்டோ ஓட்டிப் பிழைத்த தோட்டத்துக் குடும்பங்களுக்கு அது கஷ்டம்தான். ஆனால் அந்தப் புகையை நாள் முழுக்கச் சுவாசித்ததும் ஆட்டோக்காரர்தான், ரோட்டோர லயத்துப் பிள்ளைகள்தான். எதை அளக்கிறோம் என்பது மாறும்போது எது நல்ல இன்ஜின் என்பதும் மாறுகிறது. காடனின் டைனோவும் பொய் சொல்லவில்லை, புகை மீட்டரும் பொய் சொல்லவில்லை. இரண்டும் கேட்ட கேள்வி வேறு.

அளக்க இடம் இல்லாதவர்கள்

இலங்கையில் டர்ட் பைக் போட்டிகளின் பெரிய தடங்கள் பல இராணுவ நிலங்களில் இருக்கின்றன. தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில், சாலியபுரவில் கஜபா. நம்ம பக்கத்துப் பையன்களுக்கு அவை பெரும்பாலும் பார்க்கப் போகிற இடங்கள். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி ஃபொக்ஸ் ஹில்லில் ஒரு ரேஸ் கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒரு எட்டு வயதுச் சிறுமியும் இருந்தாள். ஏற்பாட்டாளர்கள், அதிகாரிகள் எல்லோரும் இருந்த இடத்திலேயே அப்படி நடந்தது. யாரும் இல்லாத தலவாக்கலை ரோட்டில், பஸ் வருகிற வளைவில், தன் பைக்கின் பலத்தைப் பரீட்சித்துப் பார்க்கிற பத்தொன்பது வயதுப் பையனுக்கு என்ன பாதுகாப்பு?

அவனைத் திட்டுவது லேசு. அளக்க ஒரு இடம் இல்லாதவன் ரோட்டில்தான் அளப்பான். டைனோவின் பெரிய உபகாரம் இதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பைக்கை ஒரு அடிகூட நகர்த்தாமல், யாரையும் இடிக்காமல், அதன் முழுப் பலத்தையும் கண்டுகொள்ளலாம். மலையகத்துத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஒரு டைனோ, பக்கத்தில் ஒரு புகை மீட்டர், பாவிக்கத் தெரிந்த ஒரு ஆசிரியர். இதைக் கேட்பது ஆடம்பரம் கிடையாது. கராஜில் நின்று காதாலேயே இன்ஜினைப் படிக்கப் பழகிய நம்ம பையன்கள் அந்த அறிவை எண்ணாக எழுதப் பழகினால், அது வேலைக்கு ஒரு தகுதியாகும்.

அது வரும்வரைக்கும் ஒரு கொப்பியும் பேனையும் போதும். எந்த ஜெட், பிளக் என்ன நிறம், எத்தனை பல்லு ஸ்புரொக்கட், எந்தச் சுற்றில் இழுக்கத் தொடங்கியது, என்ன மாற்றினோம், மாற்றியதும் என்ன ஆனது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். எழுதாத அறிவு ஆளோடு போய்விடும் என்பதைச் சொப்பாவ் காட்டிவிட்டது.

நம்ம அம்மாமார் மடுவத்தில் ரொம்ப நாளாகக் கேட்டு வருவது ஒரு சின்ன விஷயம்: தராசு என்ன காட்டுகிறது என்று எங்களுக்கும் தெரிய வேண்டும். இன்ஜின் விஷயத்திலும் நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.